திங்கட்கிழமைக்கு ஆகாது

ஒன்பது வருடம் நான் டயாலிசிஸ் நர்ஸாக இருந்தேன். மைசூரில் ஒரு தனியார் மருத்துவமனை. பத்து இயந்திரங்கள், ஒரு நாளைக்கு மூன்று ஷிப்ட், ஒரு நோயாளிக்கு நான்கு மணி நேரம். ஊசி குத்தி ஆளை இயந்திரத்தோடு இணைத்துவிட்டால், அதன் பிறகு அரை மணிக்கொரு முறை ரத்த அழுத்தம் பார்ப்பதும் அலாரம் அடித்தால் ஓடுவதும்தான் வேலை. ஆரம்பத்தில் பயமாக இருந்தது. பிறகு கை பழகிவிட்டது. கை பழகியதுதான் எனக்குத் தொந்தரவாகப் போயிற்று. கைக்கு வேலை இருக்கும், மனதுக்கு இருக்காது. ஒன்றாம் இயந்திரத்திலிருந்து பத்தாம் இயந்திரம் வரை நடப்பேன், திரும்புவேன், மறுபடி நடப்பேன். எங்கள் இன்சார்ஜ் அக்கா பதினெட்டு வருட சர்வீஸ்காரர், என்னைப் போலவே மைசூரில் பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர். நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, "உட்காரு கணே, உன்னைப் பார்த்தா எனக்குத் தலை சுத்துது" என்பார். எங்கள் தமிழில் கன்னடம் கலந்திருக்கும், கணே என்றால் 'டீ' மாதிரி.

உட்கார்ந்தால் இன்னும் மோசம். யாரும் கேட்காத வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வேன். ஸ்டோர் அலமாரியை மூன்று முறை அடுக்கி மாற்றினேன். வெளியூர் நோயாளிகளின் பஸ் நேரத்தை எல்லாம் கேட்டெழுதி, அதற்கேற்ப ஷிப்ட் அட்டவணையைத் திருத்தினேன். அது மட்டும் எல்லோருக்கும் பிடித்தது. என் வீட்டுக்காரர் உயர்நிலைப்பள்ளியில் கணக்கு வாத்தியார். வேலையை விட்டுவிடலாமா என்று அவரிடம் மாதம் ஒருமுறையாவது கேட்பேன். விட்டுவிட்டு என்ன செய்வாய் என்று அவர் திருப்பிக் கேட்பார். வேறு எதுவோ வேண்டும், அது என்ன என்றுதான் தெரியவில்லை.

அப்போதுதான் ரிங் ரோட்டில் புதுக் கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. மருத்துவமனை முழுவதையும் ஒரே நேரத்தில் மாற்ற முடியாது, டயாலிசிஸ் யூனிட் முதலில் போகும் என்று முடிவாயிற்று. பெங்களூரிலிருந்து ஒரு புராஜெக்ட் மேனேஜர் வந்திருந்தார். ஒரு நாள் எங்களைக் கூப்பிட்டு வைத்து, திரையில் வரைபடத்தைக் காட்டி, கட்டில் இங்கே, இயந்திரம் இங்கே, தண்ணீர் பைப் இங்கே என்று விளக்கினார். கேள்வி உண்டா என்று கேட்டார். யாரும் பேசவில்லை. நான் எழுந்து, எடை பார்க்கிற இடம் எங்கே என்று கேட்டேன். டயாலிசிஸுக்கு வருகிற ஒவ்வொருவரையும் உள்ளே வரும்போது ஒரு முறை, வெளியே போகும்போது ஒரு முறை எடை பார்க்க வேண்டும். எவ்வளவு நீரை எடுக்க வேண்டும் என்பது அந்தக் கணக்கில்தான் தெரியும். சக்கர நாற்காலியோடு ஏற்றிப் பார்க்கும் பெரிய மேடை அது. வரைபடத்தில் அதற்கு இடமே இல்லை.

மூன்று வாரத்தில் அந்த மேனேஜர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அதற்கும் என் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் மருத்துவமனை நிர்வாகி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். அவர் கன்னடத்தில்தான் பேசுவார். அன்றைக்குக் கேள்வி கேட்டது நான் ஒருத்திதான் என்றும், புதிதாக ஆள் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை என்றும், மூன்று மாதம் நர்ஸ் வேலையிலிருந்து விலக்கிவைக்கிறேன், யூனிட்டைப் புது இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள் என்றும் சொன்னார். பதவிக்குப் பெயர் புராஜெக்ட் கோஆர்டினேட்டர். அவர் சொல்லி முடிக்கும் முன்பே நான் சரி என்றுவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"உனக்கு அதுல என்ன தெரியும்?" என்றார். கிண்டலாக இல்லை, உண்மையாகவே கேட்டார்.

"ஒண்ணும் தெரியாது."

"அப்புறம் எப்படி?"

"போய்ப் பார்க்கறேன்," என்றேன். அன்று சாப்பிடும்போதும் என் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

எனக்கு ஒரு மேசையும் லேப்டாப்பும் கொடுத்தார்கள். லேப்டாப்பில் முந்தையவர் விட்டுப்போன கோப்பு இருந்தது. திறந்தால் நீலமும் பச்சையுமாகப் பட்டைகள், ஒன்றின் கீழ் ஒன்றாகப் படிக்கட்டு போல இறங்கின. எது என்ன என்று புரியவில்லை. புரியவில்லை என்று யாரிடமும் சொல்லவும் வெட்கமாக இருந்தது. காலையும் மாலையும் சிட்டி பஸ்ஸில் இயர்போனை மாட்டிக்கொண்டு, புராஜெக்ட் மேனேஜ்மென்ட் சொல்லித்தரும் வீடியோக்களைப் பார்த்தேன். அதில் பேசியவர்கள் எல்லாம் பாலம் கட்டுவதைப் பற்றியும் சாப்ட்வேரைப் பற்றியும் பேசினார்கள். டிபென்டன்சி என்ற சொல் வந்தது. ஒன்று முடியாமல் இன்னொன்றைத் தொடங்க முடியாது என்பதற்கு அப்படி ஒரு பெயர். ரத்தப் பரிசோதனை முடிவு வராமல் டாக்டர் மருந்தின் அளவைச் சொல்ல மாட்டாரே, அதுதானே இது என்று தோன்றியது. அதன் பிறகு ஒவ்வொரு சொல்லையும் வார்டு பாஷைக்கு மாற்றிப் பார்த்தேன். பாதி புரிந்தது. மீதியை விட்டுவிட்டேன்.

பட்டைகளை விட்டுவிட்டு ஒரு நீள நோட்டு வாங்கினேன். ஷிப்ட் மாறும்போது நாங்கள் எழுதிக் கொடுக்கும் குறிப்பைப் போலவே பத்தி பிரித்தேன். என்ன முடிந்தது, என்ன பாக்கி, யாருக்குச் சொல்ல வேண்டும். அது எனக்குச் சரிப்பட்டது.

கட்டிடத்தில் வேறு உலகம். வார்டில் டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் பத்து நிமிடத்தில் காரியம் நடக்கும். இங்கே நான் எழுதினால் எதுவும் நடக்கவில்லை. தண்ணீர் பைப் வேலையைப் பார்த்த சூப்பர்வைசர் கொள்ளேகால்காரர். "பைப்பு வந்துருச்சுங்க சிஸ்டரு, ஆளுங்கதான் வரலீங்க" என்பார். மறுநாள் ஆட்கள் வந்திருப்பார்கள், வெட்டுகிற மெஷின் வந்திருக்காது. நாளைக்கு முடிந்துவிடும் என்பார். நாளை என்பதற்கு அங்கே கிழமை கிடையாது. எலெக்ட்ரீஷியனுக்கு ஒரே காலையில் பத்து முறை போன் செய்தேன். பதினோராவது முறையிலிருந்து அவர் எடுப்பதை நிறுத்திவிட்டார். அதன் பிறகு போன் செய்வதைக் குறைத்துக்கொண்டு நேரில் போனேன். முடிந்ததா என்று கேட்டால் முடிந்த மாதிரிதான் என்பார்கள். எத்தனையாவது கட்டில் வரை வந்திருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்டால் கூடவே எழுந்து வந்து காட்டினார்கள். இதை எந்த வீடியோவிலும் சொல்லவில்லை.

இன்சார்ஜ் அக்காவோடுதான் அதிகம் சிரமப்பட்டேன். யூனிட்டிலிருந்து என்னென்ன பொருள் புது இடத்துக்கு வர வேண்டும் என்று பட்டியல் கேட்டேன். அவர் கையிலிருந்த சார்ட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"போன மாசம் நீ என்கிட்ட லீவு கேட்டு நின்னே. இப்ப நான் உனக்கு லிஸ்ட் கொடுக்கணும், அல்வா?"

கோபம் வந்தால் அவருக்கு 'அல்லவா' கன்னடத்தில்தான் வரும். பட்டியல் இரண்டு நாள் கழித்து வந்தது. எழுத்து சுத்தமாக, ஒன்று விடாமல் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னபோதும் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்த வேலைக்கு வந்தால் என் பரபரப்பு அடங்கும் என்று நினைத்திருந்தேன். அடங்கவில்லை, இடம் மாறியது. விடியற்காலையில் எழுந்து சமையலறையில் நின்றுகொண்டு, டைல்ஸ், வயரிங், ஏசி, தண்ணீர் என்று விரல் விட்டு எண்ணுவேன். பால் இரண்டு முறை பொங்கி வழிந்தது.

இரண்டாம் மாத நடுவில் நிர்வாகி திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை. மந்திரி ஒருவர் ஒத்துக்கொண்டிருந்தார். மறுநாள் திங்கட்கிழமை காலை முதல் ஷிப்டிலிருந்து புது இடத்தில் டயாலிசிஸ். என் நோட்டில் எல்லாம் அதற்குள் சரியாக உட்கார்ந்தது. தண்ணீர் சுத்திகரிக்கும் பிளான்ட் இந்த வாரம், தண்ணீர் மாதிரியை லேபுக்கு அனுப்புவது அடுத்த வாரம், முடிவு வருவது அதற்கடுத்த வியாழன், இயந்திரங்களை லாரியில் ஏற்றுவது ஞாயிறு. நடுவில் ஒரு நாள்கூட வீணாகவில்லை. அதை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது. ஒவ்வொரு நோயாளியிடமும் நானே போய்ச் சொன்னேன். புது இடத்தின் முகவரி, கிழமை, நேரம் எழுதிய சீட்டைக் கையில் கொடுத்தேன்.

விழாவுக்கு முந்தைய வியாழக்கிழமை மத்தியானம் லேப் முடிவு வந்தது. தண்ணீரில் கிருமி எண்ணிக்கை அனுமதித்த அளவைவிட அதிகம்.

ஒரு முறை டயாலிசிஸ் செய்ய நூறு லிட்டருக்கும் மேல் தண்ணீர் வேண்டும். நோயாளியின் ரத்தத்துக்கும் அந்தத் தண்ணீருக்கும் நடுவே இருப்பது மெல்லிய ஒரு சவ்வு. தண்ணீர் சரியில்லை என்றால் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வரும், அதைவிடப் பெரிதாகவும் வரலாம். குழாய்களை மருந்து ஊற்றிக் கழுவி, மறுபடி மாதிரி எடுத்து அனுப்பி, முடிவுக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். இதெல்லாம் ஒன்பது வருடமாக எனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் நோட்டில் முடிவு வரும் என்று மட்டும் எழுதியிருந்தேன். கெட்ட முடிவாகவும் வரலாம் என்று எழுதவில்லை.

மாடிப்படியில் மூன்று முறை ஏறி இறங்கினேன். பிறகு கிட்னி டாக்டரிடம் போய்க் காகிதத்தைக் காட்டினேன். அவர் ஒரே பார்வையில் படித்துவிட்டார்.

"ரிப்போர்ட் சரியா வராம நான் ஒருத்தரையும் அங்க போட மாட்டேன். ஆனா தேதி உங்க பொறுப்பு. மேல நீங்கதான் சொல்லணும்," என்று சொல்லிவிட்டு ரவுண்ட்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

நிர்வாகியின் அறையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். விழாவுக்கு எத்தனை நாற்காலி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் காகிதத்தை மேசைமேல் வைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் எடுத்துப் படிக்கவில்லை. இன்றைக்கே குழாயைக் கழுவிவிட்டால் திங்கட்கிழமைக்கு ஆகிவிடும் அல்லவா என்று கேட்டார். கேட்ட தொனியிலேயே அவருக்கு வேண்டிய பதில் இருந்தது. ஆகும் சார் என்று சொல்லிப் பழகிய வாய் எனது. ஒன்பது வருடத்தில் அந்த அறையில் நான் வேறு எதையும் சொன்னதில்லை.

"ஆகாது சார்," என்றேன்.

எப்போது ஆகும் என்று கேட்டார். அடுத்த முடிவு வந்த பிறகுதான் நாளைச் சொல்ல முடியும் என்றேன். அழைப்பிதழ் அச்சாகிவிட்டதே, மந்திரிக்கு என்ன சொல்வது என்றார். விழா நடக்கட்டும், நோயாளிகளும் பழைய இயந்திரங்களும் மட்டும் இப்போதைக்கு இங்கேயே இருக்கட்டும் என்றேன். புதிதாக வாங்கிய இரண்டு இயந்திரங்கள் ஏற்கெனவே அங்கே இருந்தன, பார்ப்பதற்கு அவை போதும். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான். இப்படி ஆகலாம் என்று நாள் குறித்தபோதே ஏன் சொல்லவில்லை?

"சொல்லணும்னு எனக்கு அப்போ தெரியலை சார்," என்றேன்.

அதற்கு மேல் அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

வெள்ளியும் சனியும் போனும் கையுமாக இருந்தேன். புது இடம் இல்லை, பழைய இடத்துக்கே வாருங்கள் என்று ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்லப் பட்டியலில் டிக் போட்டுக்கொண்டே வந்தேன். ஹனூர் பக்கத்திலிருந்து வரும் ஒரு விவசாயி இருந்தார், ஐம்பத்தைந்து அறுபது வயதிருக்கும். கொள்ளேகாலில் இடம் கிடைக்காததால் திங்களும் வியாழனும் மனைவியோடு பஸ் பிடித்து மைசூருக்கு வருவார். பதினோரு மணி ஷிப்ட், ஏழாம் நம்பர் இயந்திரம். அவர் கொடுத்திருந்த எண் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுடையது. மகன் எடுத்தார், சரிங்கக்கா, சொல்லிவிடுகிறேன் என்றார். நான் டிக் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விழா நன்றாகவே நடந்தது. செண்டுமல்லித் தோரணம், ரிப்பன், போட்டோ. எல்லோரும் கேசரிபாத் சாப்பிட்டார்கள். நான் தட்டோடு காலியாக இருந்த எட்டு இடங்களையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை பழைய யூனிட்டில் வழக்கம்போல முதல் ஷிப்ட் முடிந்து இரண்டாவது தொடங்கியது. பதினொன்றரைக்கு இன்சார்ஜ் அக்கா என் மேசைக்கு வந்தார். அவராக என்னைத் தேடி வந்தது அந்த இரண்டு மாதத்தில் அதுதான் முதல் தடவை.

"ஏழாம் நம்பர் காலியா இருக்கு. ஹனூர்க்காரர் வரலை. வியாழக்கிழமையும் அவர் வரலை, சொந்தத்துல சாவுன்னு சொல்லியிருந்தாங்க. ஒரு வாரம் ஆகுது கணே."

மகனுக்குப் போன் செய்தேன். ஓவர்டைமில் மறந்தே போய்விட்டது அக்கா, காலையில் புது ஆஸ்பத்திரிக்கு என்றுதான் கிளம்பினார்கள் என்றார். அவர்களிடம் வேறு போன் இல்லை. புதுக் கட்டிடத்தில் அன்றைக்குக் குழாய் கழுவிக்கொண்டிருந்த கொள்ளேகால் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, வாசலில் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கச் சொன்னேன். அவர் போனை வைக்காமலே நடந்தார். மூச்சுச் சத்தமும் செருப்புச் சத்தமும் கேட்டன.

"ஆமாங்க சிஸ்டரு. பெரியவரு ஒருத்தரு படியில உக்காந்திருக்காருங்க. கூட அம்மா இருக்காங்க. அவருக்கு ரொம்ப மூச்சு வாங்குதுங்க."

அவரைப் படுக்க வைக்காதீர்கள், நிமிர்ந்து உட்கார்ந்தபடியே இருக்கட்டும், உடம்பில் நீர் தேங்கியிருக்கிறது, தண்ணீர் கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு ஆம்புலன்ஸில் ஏறினேன். ரிங் ரோட்டில் சிக்னலுக்குச் சிக்னல் நின்றது போலத்தான் எனக்கு நினைவிருக்கிறது. டிரைவர் எங்கேயும் நிற்கவே இல்லை என்று பிறகு சொன்னார்.

முதல் நாள் விழாவின் தோரணம் வாசலில் வாடித் தொங்கியது. அதன் கீழே படியில் அவர் முட்டியில் இரண்டு கைகளையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கிப்போய்க் கண் சிறுத்திருந்தது. ஒன்பதரை மணியிலிருந்து அங்கே இருக்கிறார்கள். காவலாளி, திறப்பு விழா நேற்றுதான் ஆனது, சிஸ்டர்கள் இனிமேல்தான் வருவார்கள் என்று சொல்லியிருக்கிறார். பெரியவரின் மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்தார். கையில் சீட்டு இருந்தது, என் கையெழுத்தில்.

"இதுல எழுதியிருக்கற எடத்துக்குத்தானுங்க வந்தோம்," என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. சீட்டை நான் படித்துப் பார்க்க வேண்டும் என்பதுபோல நீட்டிக்கொண்டே நின்றார். நான் வாங்கவில்லை. ஆக்சிஜனை மாட்டி இருவரையும் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

பழைய யூனிட்டில் ஏழாம் நம்பர் தயாராக இருந்தது. டாக்டர் வந்துவிட்டிருந்தார். இன்சார்ஜ் அக்கா எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தார். நான் கையுறை மாட்டி ஊசியை எடுத்தேன். இரண்டு மாதமாகத் தொடாத ஊசி. அக்கா என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார்.

"இதை நான் பார்த்துக்கறேன். நீ போய் அந்தம்மாகூட நில்லு."

வெளியே பெஞ்சில் அந்த அம்மாவோடு உட்கார்ந்தேன். தப்பு என்னுடையது, உங்கள் மகனிடம் சொல்லிவிட்டு உங்களிடம் சொன்னதாக நினைத்துக்கொண்டேன் என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றார். கேண்டீனிலிருந்து இட்லி வாங்கி வந்து கொடுத்தேன். அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த மூன்று மாதத்தில் நான் அசையாமல் இருந்தது அவ்வளவு நேரம்தான்.

நான்கு மணிக்கு மேல் உள்ளே போனேன். அவருக்கு மூச்சு சீராகியிருந்தது, கண் திறந்திருந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"பூவெல்லாம் கட்டியிருந்தீங்க. எங்களையும் விசேசத்துக்குக் கூப்புட்டிருக்கீங்கன்னு நெனச்சுட்டனுங்க," என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாரக் கடைசியில் நிர்வாகிக்கு அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. நடந்ததை அரைப் பக்கம் எழுதினேன். ஆள் நன்றாகத்தானே இருக்கிறார், இதை எழுத வேண்டுமா என்று அவர் கேட்டார். எழுத வேண்டும் என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பட்டியலில் டிக் போடும் பத்தியை அடித்துவிட்டு வேறொன்று வரைந்தேன். நோயாளியோ அவரோடு வருகிறவரோ எந்த இடம், எந்தக் கிழமை என்று தங்கள் வாயால் எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால் அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுவேன். மகன் எடுத்தால், அப்பா பக்கத்தில் இருக்கும்போது கூப்பிடுகிறேன் என்று வைத்துவிடுவேன். எடுப்பதற்கு ஆளில்லாத வீட்டுக்கு, பக்கத்துக் கடைக்காரரின் எண்ணை வாங்கினேன். தண்ணீர் முடிவு வந்த பிறகு எல்லோரிடமும் இப்படிப் பேசி முடிக்க நான்கு நாள் ஆயிற்று.

முடிவு சுத்தமாகவே வந்திருந்தது. அதற்கடுத்த ஞாயிறு எட்டு இயந்திரங்களையும் கம்பளி சுற்றி லாரியில் ஏற்றினோம். பழைய இரண்டைக் கழித்துவிட்டோம். கம்பெனி என்ஜினீயர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து முடிக்க மாலை ஆனது. திங்கட்கிழமை காலை ஆறரைக்கு முதல் நோயாளி எடை மேடையில் ஏறினார். பத்தும் ஓடின. இன்சார்ஜ் அக்கா ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சிங்க் கொஞ்சம் உயரம் என்று மட்டும் சொன்னார். வேறு குறை சொல்லவில்லை. அவரிடமிருந்து அது பெரிய விஷயம்.

ஒரு வாரத்தில் எனக்குப் பழைய யூனிபார்ம். மேசையையும் லேப்டாப்பையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். புராஜெக்ட் முடிந்துவிட்டது, நர்ஸ் குறைவாக இருக்கிறது என்றார்கள், நியாயம்தான். நான் மறுபடியும் ஒன்றிலிருந்து பத்து வரை நடந்தேன். புதுக் கட்டிடத்தில் நடக்க இடம் அதிகம். ஆனால் இப்போது இன்னும் மோசமாக இருந்தது. முன்பு என்ன வேண்டும் என்று தெரியாமல் இருந்தது, இப்போது தெரிந்திருந்தது.

விண்ணப்பம் போட ஆரம்பித்தேன். கோஆர்டினேட்டர் என்று எங்கே போட்டிருந்தாலும் அனுப்பினேன். ஓரிடத்தில் எத்தனை வருட அனுபவம் என்றார்கள். மூன்று மாதம் என்றேன், காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஓரிடத்தில் சர்டிபிகேட் கேட்டார்கள். இன்னோரிடத்தில் இளம்பெண் ஒருத்தி, எந்த சாப்ட்வேரில் திட்டம் போடுவீர்கள் என்று கேட்டாள். நோட்டு என்று சொன்னபோது அது ஏதோ புது சாப்ட்வேர் என்று நினைத்து எழுதிக்கொண்டாள். நான் திருத்தவில்லை, அவர்களும் கூப்பிடவில்லை. பஸ்ஸில் பார்க்கும் வீடியோக்களை நிறுத்தாமல் இருந்தேன். விட்டுப்போன மீதிச் சொற்களையும் கற்றேன். வீட்டுக்காரர் பள்ளி விட்டு வந்து பட்டைகள் வரையும் முறையைத் தானும் படித்துப் பார்த்தார். இது வெறும் கணக்கு, பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஒரு நாள் நான் கூடத்தில் முன்னும் பின்னும் நடப்பதைப் பார்த்துவிட்டு, "சும்னே ஒரு நிமிஷம் உட்கார முடியாதா உன்னால?" என்றார். முடியாது என்றேன். சரி என்று சொல்லி நாற்காலியை ஓரமாக நகர்த்தி எனக்கு வழி விட்டார்.

மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு சிறு நிறுவனம். தாலுக்கா மருத்துவமனைகளில் டயாலிசிஸ் அறை அமைத்துக் கொடுக்கும் வேலை அவர்களுடையது. நேர்காணலில் ஒரு பெண் என்ஜினீயர், திட்டத்தில் என்ன தப்பாகப் போயிற்று என்று கேட்டார். தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். ஹனூர்க்காரரைப் பற்றியும், படியில் அவர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்ததைப் பற்றியும் சொன்னேன். சொல்ல ஆரம்பித்தபோதே இதோடு வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். தகவல் சொல்கிறோம் என்றார்கள். ஒரு மாதம் தகவல் இல்லை. பிறகு ஒரு நாள் போன் வந்தது. தேர்ந்தெடுத்த ஆள் சேரவில்லை, உங்களால் அடுத்த வாரம் சேர முடியுமா என்று கேட்டார்கள். இரண்டாவது ஆளாகத்தான் போய்ச் சேர்ந்தேன்.

முதல் நாள் நாற்காலியில் அமர்ந்து நிறுவனத்தின் விதிமுறைகளைப் படிக்கச் சொன்னார்கள். இரண்டு மணிக்கு என்னை அறியாமல் எழுந்து பையை எடுத்துவிட்டேன். வார்டில் ஷிப்ட் மாறும் நேரம் அது. பக்கத்து மேசைக்காரர் எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டார். தண்ணீர் குடிக்க என்று பொய் சொல்லிவிட்டுப் பையோடு போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது இரண்டு வருடம் ஆகிறது. நான்கு அறைகளை முடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒன்றுகூட முதலில் சொன்ன நாளில் முடியவில்லை. ஆனால் எந்த நாளில் முடியாது என்பதை முன்பே சொல்லியிருக்கிறேன். ஓர் அறை ஓட ஆரம்பித்த மறுநாள் எனக்குக் காய்ச்சல் போல இருக்கும். அடுத்த இடத்தின் வரைபடம் கைக்கு வரும்வரை வீட்டில் எல்லோரையும் படுத்துவேன்.

போன வாரம் ஐந்தாவது அறைக்காகக் குண்டலுபேட்டை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டி வந்து இறங்கிவிட்டது, ஆனால் கதவு அகலத்தைவிடத் தொட்டி அகலம் என்று அங்கிருந்து போன் வந்தது. கதவை யார் அளந்தது என்று கேட்டேன். நீங்கள்தான் என்றார்கள். நோட்டை எடுத்துப் புரட்டினேன், என் அளவுதான் எழுதியிருந்தது, நிலைக்கட்டையையும் சேர்த்து அளந்திருக்கிறேன். ஜன்னலைக் கழற்றினால் எவ்வளவு அகலம் கிடைக்கும் என்று டேப் வைத்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். பஸ் இன்னும் நஞ்சன்கூடு தாண்டவில்லை, பாதி வழிகூட ஆகவில்லை. நான் எழுந்து டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டேன்.